தீவுக்குப் போகுமுன் காற்றைக் கேளுங்கள்: மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, ஒரு பயணப் பாடம்



விடுமுறையில் ஊருக்கு வரும் நம் குடும்பங்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது போலவே இருக்கும். ஒரு கல்யாணம், இரண்டு கோவில், நான்கு உறவினர் வீடு, கன்னியாகுமரியில் ஒரு சூரிய உதயம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்கிறார்கள். தமிழ்க் கரையிலேயே பவளமும் கடற்பசுவும் ஆமைகளும் வாழும் தீவுக் கூட்டம் ஒன்று தேசியப் பூங்காவாக இருப்பது அவர்களுக்குத் தெரியாது. பெற்றோரில் பலருக்கும் தெரியாது.

நான் இரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பொறியியலில் டிப்ளமோ படித்தவன். உயிரியல் அறிஞன் அல்லன். ஆனால் ஒரு வேலையைத் திட்டமிடுவது எப்படி என்பதை முப்பத்தைந்து ஆண்டுகள் தண்டவாளங்கள் எனக்குக் கற்றுக் கொடுத்தன. அந்த முறையிலேயே இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

எங்கள் குன்னத்துகாலிலிருந்து நெய்யாறு வனவிலங்கு சரணாலயத்துக்குப் போவதென்றால் காலையில் முடிவெடுத்து மாலையில் வீடு திரும்பிவிடலாம். தீவுப் பூங்கா அப்படிப்பட்டதல்ல. அங்கே முடிவெடுப்பவர்கள் நாமல்ல. கடலும் காற்றும் வெயிலும்தான். இந்தப் பாடத்தின் சாரம் இது ஒன்றே.

1. பூங்கா எது, எங்கே இருக்கிறது?

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டிச் சில கிலோமீட்டர் தொலைவில் 21 தீவுகள் வரிசையாக இருக்கின்றன. இவற்றையும் சுற்றியுள்ள ஆழமில்லாக் கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-இல் இதை நடுவாகக் கொண்டு 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று.

தீவுகளை நான்கு தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். மண்டபம் தொகுதியில் 7, கீழக்கரைத் தொகுதியில் 7, வேம்பார் தொகுதியில் 3, தூத்துக்குடித் தொகுதியில் 4. பெயர்களைப் பாருங்கள்: முசல் தீவு, மனோலி, குருசடை, ஆனைப்பார், நல்லதண்ணி, உப்புத்தண்ணி, வான் தீவு. நல்லதண்ணி எது, உப்புத்தண்ணி எது என்று தாகத்தோடு தேடிப் பார்த்த மீனவர்கள் வைத்த பெயர்களாகவே அவை எனக்குத் தோன்றுகின்றன.

பள்ளிப் புத்தகத்தில் 21 என்று படிக்கிறோம். ஆனால் கடலுக்கு மேலே இன்று 19 தீவுகளே உண்டு. பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் மூழ்கிவிட்டன. இதற்குக் காரணம் என்ன என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

2. பவளம் கல்லா, உயிரா?

பவளப்பாறை என்று சொல்கிறோம். ஆனால் அது வெறும் பாறை அல்ல. பவளம் ஒரு விலங்கு. குண்டூசித் தலையளவிலிருந்து விரல்நுனி அளவு வரையுள்ள மெல்லுடல் உயிர்கள் இலட்சக்கணக்கில் கூடி, கடல்நீரில் உள்ள சுண்ணாம்பை எடுத்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. தாத்தா கட்டிய வீட்டின்மேல் பேரன் மாடி கட்டுவதுபோல் தலைமுறை தலைமுறையாக எழும்புவதே பவளத்திட்டு. உருண்டை வகைப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு ஆள் உயரப் பவளம் என்றால் அதன் வயது நம் கொள்ளுப்பாட்டனின் வயதுக்கும் மேல்.

இந்த உயிரின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாசி குடியிருக்கிறது. அது வெயிலில் உணவு தயாரித்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கிறது. பவளத்துக்கு நிறம் தருவதும் அதுவே. கடல்நீரின் வெப்பம் 30 பாகையைத் தாண்டிப் பல நாள் நீடித்தால் இந்தக் குடித்தனம் முறிகிறது. பாசி வெளியேறுகிறது, பவளம் வெளுக்கிறது. விரைவில் நீர் குளிர்ந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் பட்டினியால் மடியும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்படிப் பெரிய அளவில் வெளுப்பு நேர்ந்தது. கோடையில் தண்டவாளம் வெப்பத்தால் நெளிந்துவிடும் என்று நாங்கள் நடுப்பகலில் ரோந்து போவோம். தண்டவாளம் பல பாகை வெப்பத்தைத் தாங்கும். பவளத்துக்கு வழக்கத்தைவிட ஓரிரு பாகை கூடினாலே ஆபத்து.

சரி, தீவுகள் ஏன் மூழ்கின? இத்தீவுகள் பெரும்பாலும் பவளத் துகளும் மணலும் சேர்ந்து உண்டானவை. சுற்றியுள்ள பவளத்திட்டே அலையின் வேகத்தைத் தணிக்கும் மதில். பல்லாண்டுகளாகச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அந்த மதிலை வெட்டி எடுத்தார்கள். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரை அருகில் போய்ப் பாருங்கள், அது பவளக்கல். 2001-இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதற்குள் சேதம் மிகுந்துவிட்டது. மதில் போன பிறகு அலை மணலைக் கரைத்தது. ஆற்றங்கரைப் பாலத்தின் தூணடியில் கொட்டிய கல்லை எடுத்துவிட்டால் தூணுக்கு என்ன நேருமோ, அதுவே தீவுக்கும் நேர்ந்தது.

பொறியியல் பிரிவினருக்கு மகிழ்ச்சி தரும் செய்தியும் உண்டு. தூத்துக்குடிக்கு எதிரே கரைந்துகொண்டிருந்த வான் தீவின் கடற்பக்கத்தில், 2015 முதல் துளைகள் உள்ள கான்கிரீட் அமைப்புகளைச் செயற்கைப் பவளத்திட்டாக இறக்கினார்கள். அலையின் வேகம் தணிந்து தீவின் தேய்மானம் குறைந்தது. மீன்களும் அங்கே குடியேறின. அதே வழியில் கரியாச்சல்லித் தீவைக் காக்கும் முயற்சியும் அண்மையில் எடுக்கப்பட்டது.

3. எப்போது போவது?

எங்கள் துறையில் கால அட்டவணை போடும்போது மாற்ற முடியாதவற்றை முதலில் குறிப்போம். மாற்றக்கூடியவற்றைப் பிறகு பொருத்துவோம். நம் வீடுகளில் நேர்மாறாக நடக்கிறது. முதலில் விடுப்பு, பிறகு விமானச் சீட்டு, கடைசியில் கடல். தீவுப் பயணத்துக்கு இந்த வரிசை உதவாது.

பாம்பன் மீனவர்கள் தங்கள் கடலை இரண்டாகப் பிரிப்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா தென்கடல். வடக்கே பாக் நீரிணை வடகடல். ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். அப்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது நிலைமை மாறும், புயல் பயமும் உண்டு. பூங்காத் தீவுகள் எல்லாம் தென்கடலில் இருக்கின்றன என்பதை நினைவில் கொள்க.

இப்போது நம் விடுமுறைகளை இதனோடு பொருத்திப் பாருங்கள். கேரளத்திலும் தமிழகத்திலும் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே: கடல்நீர் மிகவும் சூடேறி, பவளம் மூச்சுத் திணறும் காலம். மும்பை, டில்லிப் பிள்ளைகளுக்கு மே, ஜூன்: வெயிலும் கச்சானும் சேரும் காலம். வளைகுடா நாடுகளிலிருந்து வருவோருக்கு ஜூலை, ஆகஸ்ட்: கச்சான் உச்சத்தில் இருக்கும். தீபாவளிக்கு வருவோருக்கு மழை. ஆக, நாம் ஊருக்கு வரும் நாட்களில் பெரும்பாலானவை அந்தக் கடலுக்கு ஆகாத நாட்கள்!

ஆகும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. நீர் குளிர்ந்தும் தெளிந்தும் இருக்கும். வலசை வரும் பறவைகளும் அப்போதுதான் இருக்கும். வெளிமாநிலத்திலும் வெளிநாட்டிலும் டிசம்பர் கடைசியிலும் ஜனவரி தொடக்கத்திலும் குளிர்கால விடுமுறை விடும் பள்ளிகள் பல. ஆகவே என் யோசனை: இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது கோடைப் பயணத்தை விட்டுவிட்டு, பொங்கலை ஒட்டி வாருங்கள். தாத்தா பாட்டிக்கும் பொங்கலுக்குப் பிள்ளைகள் வந்த மகிழ்ச்சி.

ஒரு எச்சரிக்கை. தை அமாவாசைக்கு இராமேசுவரத்தில் தங்க அறை கிடைப்பது அரிது. டிசம்பர் முதல் தைப் பிறப்பு வரை ஐயப்ப பக்தர்களின் கூட்டமும் மிகுதி. பஞ்சாங்கத்தையும் பள்ளி நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே தேதியைக் குறியுங்கள்.

கோடையில்தான் வர முடியும் என்றால்? கரையில் இருந்து பாருங்கள், தீவை விட்டுவிடுங்கள். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகம் இருக்கிறது. 1949 முதல் 1971-இல் கொச்சிக்கு மாறும் வரை அந்த நிறுவனத்தின் தலைமையகமே மண்டபம்தான். பிள்ளைகளுக்கு அது ஒரு நல்ல வகுப்பறை.

4. எப்படிப் போவது?

எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பாறசாலையில் இரயில் ஏறி நாகர்கோவிலில் மாறலாம். கன்னியாகுமரியிலிருந்து இராமேசுவரத்துக்கு வாரத்தில் மூன்று நாள் நாகர்கோவில், திருநெல்வேலி வழியாக இரவு வண்டி உண்டு. 2024 நவம்பர் முதல் இரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. பழைய 120 நாள் கணக்கில் இருந்துவிடாதீர்கள்.

போகும்போது இரயில், திரும்பும்போது சாலை என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை, சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி வரும் கடற்கரைச் சாலை இந்தத் தீவு வரிசைக்கு இணையாகவே ஓடுகிறது. பிள்ளைகள் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு எந்த ஊருக்கு எதிரே எந்தத் தீவு என்று சொல்லிக்கொண்டே வரலாம்.

பாம்பன் பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் என் கூட்டாளிகள் என்னை மன்னிக்க மாட்டார்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானே சிவப்பாகிவிடும். எத்தனை பெரிய மனிதர் பயணம் செய்தாலும் வண்டி நிற்கும். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் பாம்பன்–தனுஷ்கோடி பயணிகள் வண்டி கடலோடு போயிற்று. அதிலிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. பாலத்தின் 126 கண்கள் அடித்துச் செல்லப்பட்டன. அதை 46 நாட்களில் மீட்டெடுத்தவர் ஈ. ஸ்ரீதரன். பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. 72.5 மீட்டர் நீளத் தூக்குக் கண்ணுடன் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. காற்று "நில்" என்றால் நிற்பது அங்கே இரயிலுக்கே சட்டம். படகில் போகும் நமக்கு மட்டும் விதிவிலக்கு உண்டா?

5. மூன்று நாள் போதும். நான்கு நாள் வையுங்கள்

பாம்பன் தீவின் தென்கரையில் குந்துகால் என்ற இடம் இருக்கிறது. எங்கள் குன்னத்துகாலுக்குத் தூரத்துப் பங்காளிபோல் ஒலிக்கும் பெயர்! 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியது அங்கேதான். அங்கிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. தீவுகளில் நாமாக வள்ளம் பிடித்துப் போய் இறங்குவது சட்டப்படி குற்றம். புறப்படும் வாரத்தில் இராமநாதபுரம் வன அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, படகு உண்டா, கட்டணம் எவ்வளவு, என்ன அடையாள அட்டை வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குருசடை சிறிய தீவு; ஆனால் பெயர் பெரியது. விலங்கியல் படித்தவர்களுக்கு அது தெரியும். அதன் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927-இலேயே தனி வெளியீடு கொண்டுவந்தது. முதுகெலும்புள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் நடுவே வைத்துப் படிக்கப்படும் பலனோகிளாசஸ் என்ற புழுவைத் தேடி மாணவர்கள் அங்கே போவது வழக்கம். அயல்நாட்டிலிருந்து வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கடற்பாசி ஒன்று தப்பி வந்து உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்ததை ஆராய்ச்சியாளர்கள் 2008-இல் கண்டதும் இந்தத் தீவில்தான்.

என் திட்டம் இதுதான். முதல் நாள் மண்டபம் காட்சியகமும் சாலைப் பாலத்திலிருந்து இரயில் பாலமும். இரண்டாம் நாள் காலை குருசடை. மூன்றாம் நாள் விடியலில் தனுஷ்கோடி. அங்குள்ள நீர்ப்பரப்பில் குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். 2025 ஜூனில் அவ்விடம் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நான்காம் நாள் உதிரி நாள். எங்கள் அட்டவணையில் ஒவ்வொரு வண்டிக்கும் தாமதத்தை ஈடுகட்டச் சில நிமிடங்கள் சேர்த்தே வைப்போம். உதிரி நாள் அந்த நிமிடங்களைப் போன்றது. அது இல்லாவிட்டால், காற்று அடிக்கிற நாளில் "எப்படியாவது கொண்டு விடுங்கள்" என்று படகோட்டியிடம் கெஞ்சத் தோன்றும். அந்தக் கெஞ்சல்தான் ஆபத்து.

சென்ற ஜனவரியில் பூனாவிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்த பிள்ளைகளோடு ஒன்பது பேராகப் போனோம். குறித்த நாளில் படகில்லை. "வாடை கூடுதலா இருக்கு ஐயா, நாளைக்குப் பாப்போம்" என்றார் துறையில் நின்றவர். பதினொரு வயதுப் பேத்திக்கு முகம் சுருங்கியது. "அப்போ வந்தது வீணா தாத்தா?" என்றாள். அன்றைக்கே தனுஷ்கோடிக்குப் போய்ப் பூநாரை பார்த்தோம். மறுநாள் காற்று அடங்கியது, படகும் போயிற்று. கரையோரத் தெளிந்த நீரில் கடல் அட்டை ஒன்று மணலைத் தின்று நகர்வதை அவள் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள்தான் அவளை அழைத்துவர வேண்டியிருந்தது.

6. என்ன பார்க்கலாம், எதைப் பார்க்க இயலாது?

இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடற்பசுவைப் பார்ப்போம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஆவுளியா என்றும் அழைக்கப்படும் இந்தச் சாதுவான பிராணி மூன்று மீட்டர் வரை வளர்ந்து, நாளொன்றுக்கு முப்பது கிலோவுக்கு மேல் கடற்புல் மேயும். பெண் கடற்பசு ஒரு கன்றை ஓராண்டுக்கு மேல் சுமந்து ஈனும். அடுத்த கன்றுக்குச் சில ஆண்டுகள் ஆகும். அதனால்தான் அதன் இனம் இவ்வளவு சுருங்கியது. 2022-இல் பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அது மேயும் புல்லைப் பார்த்தாலே பாதி பாக்கியம்.

ஆமைகளில் பேராமை, சிற்றாமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என்ற ஐந்து இனங்களும் இக்கடலில் உண்டு. தலை தூக்கி மூச்சுவிடும் ஒரு நொடி கண்ணில் பட்டால் அது அதிர்ஷ்டம்.

7. அங்கே நடந்துகொள்வது எப்படி?

பவளத்தின்மேல் கால் வைக்காதீர்கள். ஒரு மிதி பல ஆண்டு வளர்ச்சியை உடைக்கும். பாலிதீன் பையைக் கரையிலேயே விட்டுவிட்டு, தண்ணீருக்கு எவர்சில்வர் பாத்திரம் எடுத்துச் செல்லுங்கள். உயிர்காப்புச் சட்டையைக் கழற்றாதீர்கள். சங்கு, சிப்பி, பவளத் துண்டு எதையும் பொறுக்காதீர்கள். கடைத்தெருவில் யாரேனும் பவளத் துண்டை நீட்டினாலும் வாங்காதீர்கள். வைத்திருப்பதே குற்றம், விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் மானமும் போகும்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள கெடுபிடி என்று எண்ண வேண்டாம். 1959-இல் பூங்காவாக்கப்பட்ட கலாபகோஸ் தீவுகளில் அனுமதி பெற்ற வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும். விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் விலகி நிற்க வேண்டும். அந்தமானில் வண்டூர் கடல்சார் பூங்காவில் ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரு தீவுகளை மாறி மாறித் திறக்கிறார்கள். ஒன்றில் ஆள் நடமாடும்போது மற்றது இளைப்பாறும். பாதையைச் சரிசெய்ய வண்டியை நிறுத்தி "பிளாக்" எடுப்போமே, அதே முறைதான்.

"நாமும் போய்க் கூட்டம் சேர்க்க வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வெளியூரில் வளரும் பிள்ளைக்குப் பூவரசன்பட்டி மூழ்கியது வெறும் செய்தி. அந்தக் கடலை ஒருமுறை கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அது உறவினர் வீட்டு இழவு. அந்த வேறுபாட்டுக்காகவே, சரியான காலத்தில், சிறு கூட்டமாக, ஒருமுறை போய்வாருங்கள் என்கிறேன்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. தமிழகக் கடற்கரையின் வரைபடம் வரைந்து நான்கு தீவுத் தொகுதிகளையும் குறிக்கவும். மூழ்கிய இரண்டையும் புள்ளிக்கோட்டால் காட்டவும்.

2. உங்கள் பள்ளியின் விடுமுறைகளை ஒரு வரியிலும், கச்சான், மழை, வெயில் ஆகியவற்றின் காலங்களை அடுத்த வரியிலும் எழுதி, இரண்டும் பொருந்தும் நாட்களைக் கண்டுபிடிக்கவும்.

3. பவளத்தின் உடலில் குடியிருக்கும் பாசி வெளியேறினால் பவளத்துக்கு என்ன ஆகும்? தாத்தா பாட்டிக்குத் தமிழில் ஒரு கடிதமாக எழுதி அனுப்பவும்.